ஸ்டீல் கிரேடு விஷயத்தில் நீங்கள் பட்டது என்ன?

தூத்துக்குடிவாசி:
மாடிப்படிக் கைப்பிடிதான். 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லித்தான் விலை பேசினார்கள். காந்தத்தை வைத்துக் காட்டி, "பாருங்க சார், ஒட்டவே இல்ல, அசல் 304" என்றார் கடைக்காரர். முதல் மழைக்காலம் முடிவதற்குள் வெல்டிங் வைத்த இடமெல்லாம் பழுப்புப் புள்ளி. துடைத்தால் போகும், மறுவாரம் அதே இடத்தில் வந்து நிற்கும். மிச்சத் துண்டை லேபில் கொடுத்தேன். 304 என்றால் நிக்கல் 8 சதவீதமாவது இருக்க வேண்டும். இதில் அதில் பாதிதான், மாங்கனீஸ் ஏகத்துக்கு. நிக்கல் குறைந்த 202 கிரேடு! அதுவும் காந்தத்தில் ஒட்டாது. அந்தக் காந்தத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

லேத் பட்டறை:
கடலோரத்தில் 304 போட்டிருந்தாலும் புள்ளி விழுந்திருக்கும். 316 கேட்டிருக்க வேண்டும். அதிலுள்ள 2-3 சதவீத மாலிப்டினம்தான் உப்புக்காற்றைத் தாங்கும்.
என் கதை: இஎன்8 (நடுத்தரக் கார்பன் ஸ்டீல்) என்று வந்த ராடில் ஷாஃப்ட் கடைந்து, சூடேற்றித் தண்ணீரில் முக்கினோம். கெட்டிப்பட்டிருந்தால் அரம் வழுக்க வேண்டும். கடித்தது, தூள் கொட்டியது. கிரைண்டரில் வைத்தால் பொறி நீளக்கோடாக ஓடுகிறது, பூவாகப் பிரியவே இல்லை. வெறும் எம்எஸ், அதாவது கார்பன் குறைந்த மைல்டு ஸ்டீல். இஎன்8க்குரிய 0.4 சதவீதக் கார்பன் இருந்தால் அப்படி ஓடாது.

தூத்துக்குடிவாசி:
316 பற்றி நான் கேட்கவே இல்லையே. 304க்குக் காசு வாங்கிவிட்டு 202 கொடுத்ததுதான் என் பிரச்சினை.

வீடு கட்டுகிறேன்:
எங்கள் சைட்டில் தப்பாக வளைத்த கம்பியை மேஸ்திரி நிமிர்த்தினார், வளைவில் மயிரிழை விரிசல். அந்த லோடையே திருப்பி அனுப்பினேன்.
கம்பி வாங்குபவர்கள் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். 500, 500டி என்பவை கம்பியின் கிரேடுகள்; நிரந்தரமாக நீளத் தொடங்கும் பலம் இரண்டுக்கும் ஒன்றுதான், அறுவதற்குள் எவ்வளவு நீள்கிறது என்பதில்தான் முக்கிய வித்தியாசம். கட்டுமானக் கம்பிக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1786படி 500 குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும், 500டி 16 சதவீதம். கந்தகமும் பாஸ்பரஸும் டியில் குறைவு. நிலநடுக்கத்தில் கம்பி பட்டென்று அறாமல் நீண்டு கொடுக்க வேண்டும், அதற்குத்தான் இது. 550 என்றால் இன்னும் உசத்தி என்று கடையில் சொல்வார்கள். இன்ஜினியர் வரைபடத்தில் 500டி என்று போட்டிருந்தால் அதையே வாங்குங்கள். கம்பியின் மேலேயே கிரேடு உருட்டிப் பதித்திருக்கும், இறக்கும்போதே படித்துப் பாருங்கள். டெஸ்ட் சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் எண்) கட்டில் தொங்கும் அட்டையில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.