வந்த மூணாம் நாளே ஊருக்குப் போகணும் என்கிற அப்பாயி

வெட்டாற்றுக்காரி:
கும்பகோணத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் அவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஆறு மணி ஆகும், பிள்ளைகள் நாலரைக்கு வருவார்கள். திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து என் அப்பாயி (78 வயது) ஆடிப்பெருக்கு வரை இருக்கிறேன் என்று இரண்டு பை நிறைய முறுக்கும் நார்த்தங்காய் ஊறுகாயுமாக வந்தார். மூணாம் நாளே "மன்னார்குடி பஸ்ல ஏத்தி விடு, அங்கேர்ந்து நான் போய்க்கிறேன்" என்கிறார். கேட்டால் ஆடு தனியாக நிற்கிறதாம்! ஆட்டைச் சித்தப்பாதான் பார்த்துக்கொள்கிறார். ஊரில் திண்ணையில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று ஒரு வார்த்தை பேசுவார்கள், இங்கே எதிர்வீட்டுக் கதவு ஞாயிற்றுக்கிழமைகூடத் திறப்பதில்லை. டிவி போட்டுக் கொடுத்தேன், ரிமோட்டைத் தொடவே பயப்படுகிறார். எனக்கு லீவும் கிடையாது. பதினெட்டாம் பெருக்குக்கு ஆற்றுக்கு வேறு போகணுமாம், முட்டி வலியோடு. என்ன செய்யலாம்?

அரசலாற்றங்கரை:
ஆடெல்லாம் சாக்குங்க. "நீங்க சும்மா உக்காருங்க" என்று விருந்தாளி மாதிரி வைத்துவிடுகிறோம் இல்லையா, எங்கள் அம்மாச்சிக்கு அதுதான் பிடிக்கவில்லை. ஒரு நாள் இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தையும் ஒரு கட்டு முருங்கைக்கீரையையும் முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். கை நடுங்குது, என்னால ஆகாது என்று புலம்பியவர் பதினோரு மணிக்கு எனக்கே போன் போட்டு, அடுத்து என்ன செய்ய என்று கேட்டார். புளியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கொட்டை எடுத்துத் தருவார், ஆனால் அது வீடு முழுக்கக் கிடக்கும்.

குடமுருட்டி:
எனக்கென்னவோ அனுப்பிவிடுவதே நல்லது என்று படுகிறது. திருத்துறைப்பூண்டி ஒன்றும் டெல்லி இல்லை, ஆடி 17 அன்று போய் மறுபடி கூட்டி வந்தால் போச்சு.

மகாமகக்குளத் தெரு:
அக்கா, சாரங்கபாணி கோயில் பக்கம் என்றால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். எங்கள் அம்மாவும் பகலெல்லாம் தனியாகத்தான் இருக்கிறார், தாயம் ஆட ஆள் கிடைக்காமல் என்னைப் பிடுங்கி எடுக்கிறார். பத்தரைக்கு நானே வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன், மதியச் சாப்பாட்டுக்கு வந்து கூட்டிப் போகிறேன். எனக்கும் இரண்டு மணி நேரம் நிம்மதி.

குடமுருட்டி:
இன்னொன்று. பெருக்கு அன்று படித்துறையில் இறக்காதீர்கள், கூட்டமும் பாசியும் சேர்ந்தால் நமக்கே கால் நிற்காது. விடியற்காலையில் போய் மேல்படியில் உட்கார வைத்து, யாராவது ஒரு செம்பு தண்ணீர் மொண்டு கொடுங்கள். காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி எல்லாம் அங்கேயே வைத்துப் படைக்கலாம், பிள்ளைகள் சப்பரம் இழுக்கட்டும். மேட்டூரை ஜூன் 12-ல் திறக்க முடியாமல் போன வருடங்களில் ஆறு வெறும் மணலாகக் கிடக்க, நாங்கள் அடிபம்படியிலேயே படைத்திருக்கிறோம். காவேரி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

வெட்டாற்றுக்காரி:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். வெங்காயம் நன்றாக வேலை செய்தது, ஆனால் தினமும் வெங்காயக் குழம்புதான். தாயத்தில் அந்த அம்மா கள்ளாட்டம் ஆடுகிறார் என்று அப்பாயி சொல்கிறார், இருந்தாலும் பத்து மணிக்கே தலைசீவிக்கொண்டு ஜன்னலில் நிற்கிறார். பஸ் பேச்சு இல்லை. இன்று காலை மட்டும் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டாயா என்று ஒரு அதட்டல்.