ஆம்ப் மாடலருக்கு ‘நிகரி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஆம்ப் மாடலர் என்பது, கிட்டார் பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) ஒன்றின் குரலைக் கணக்கிட்டுத் தரும் சிறு பெட்டி அல்லது மென்பொருள். அதற்குத் தமிழ்ப்பெயர் தேடி இங்கே நடக்கும் உரையாடலை விடாமல் படித்து வருகிறேன். இதுவரை வந்தவை மூன்று: ஒலிபெருக்கி மாதிரியாக்கி, போலிப்பெருக்கி, ஒப்புமைப்பெருக்கி. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

நான் மதுரை செல்லூரில் இருக்கிறேன். மாலையில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லித் தருகிறேன். இரவில் வீட்டிலேயே பதிவு செய்கிறேன். எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பின்சந்தில் தறி ஓடும். வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வுப் பெருக்கியின் அழகு, அதை முடுக்கித் திணற வைக்கும்போதுதான் வெளிப்படும். தாங்கும் அளவைச் சமிக்ஞை தாண்டியதும் அலையின் முகடுகள் நசுங்கும். அந்த நசுங்கலில் புதிய மேற்சுரங்கள் பிறக்கும். வாக்ஸ் ஏசி30 என்ற வால்வுப் பெருக்கி வெறும் 30 வாட்தான். ஆனால் அதை அந்த நிலைக்குக் கொண்டுபோனால் எங்கள் தெரு முழுவதும் விழித்துக்கொள்ளும். மைக் வைத்தாலோ, கிட்டாரோடு தறிச் சத்தமும் சேர்ந்து பதிவாகும்.

ஆம்ப் மாடலர் என்ற இந்தச் சிறு பெட்டி வந்த பிறகு ஸ்பீக்கரும் இல்லை, மைக்கும் இல்லை. கிட்டாரிலிருந்து ஒரு கம்பி பெட்டிக்கு, பெட்டியிலிருந்து ஒரு கம்பி கணினிக்கு. தறி ஓடட்டும், பதிவில் அது இருக்காது.

இனி ‘மாதிரியாக்கி’. போன மாதம் பதினான்கு வயது மாணவன் ஒருவனிடம் இந்தப் பெட்டியைக் காட்டி, “இது பெருக்கி மாதிரியாக்கி” என்று நானே சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதற்குள் யார் வாசித்ததைப் பதிந்து வைத்திருக்கிறார்கள், சார்?” என்று கேட்டான். நான் திகைத்துப் போனேன். அவன் கேட்டதில் தவறே இல்லை. அவன் வீட்டில் கீபோர்டு இருக்கிறது. அதில் வரும் பியானோ, உண்மைப் பியானோவின் ஒவ்வொரு கட்டையாகப் பதிந்து எடுத்த ஒலி. அப்படி எடுப்பதை நாம் ‘மாதிரி எடுத்தல்’ என்கிறோம். எண்ணிம (டிஜிட்டல்) ஒலியில் ஒரு நொடியை 48,000 துளிகளாக எடுப்பதும் ‘மாதிரி எடுத்தல்’தான். ஏற்கெனவே இரண்டு பொருளைச் சுமக்கும் சொல்லின் தலையில் மூன்றாவதையும் ஏற்றினேன். பையன் வழிதவறியது என் சொல்லால்தான்.

சொல்லால் விளக்குவதை விட்டுவிட்டுக் கிட்டாரை அவன் கையில் கொடுத்தேன். பெட்டியில் உறுமல் நன்றாக ஏறும்படி வைத்து, ஒரு முழு மீட்டு மீட்டச் சொன்னேன். பாறையை உரசுவது போல் வந்தது. பெட்டியைத் தொடாமல், கிட்டாரில் உள்ள ஒலித்திருகை மட்டும் பத்திலிருந்து நான்குக்குக் குறைக்கச் சொன்னேன். அதே மீட்டு. உறுமல் விலகி, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே தெளிந்து கேட்டது. பிறகு மீட்டுவில்லையை (பிக்) வைத்துவிட்டுக் கட்டைவிரல் சதையால் தடவினான். குரல் இன்னும் மென்மையானது. “பதிந்து வைத்த ஒலி உன் கையைக் கேட்டு இப்படி நடக்குமா?” என்றேன். “நடக்காது” என்றான். அவனே திருகைத் திரும்ப ஏற்றினான், இறக்கினான், ஏற்றினான்.

பெட்டி செய்வது இதுதான். உள்ளே வரும் சமிக்ஞையின் ஒவ்வொரு துளிக்கும், ‘அந்தப் பெருக்கி இதற்கு என்ன செய்திருக்கும்?’ என்று கணக்கிட்டு அதை வெளியே தருகிறது. அதில் ஒலி எதுவும் சேமித்து வைக்கப்படவில்லை, நடத்தை இருக்கிறது. 1998-ல் லைன் 6 நிறுவனம் கொண்டுவந்த, சிறுநீரக வடிவச் சிவப்புப் பெட்டியான ‘பாட்’ (POD) இந்த வகையைப் பலர் வீட்டுக்குக் கொண்டு சேர்த்தது. சில கருவிகள் வால்வு, மின்தேக்கி, மின்மாற்றி என்று சுற்றின் உறுப்புகளையே சமன்பாடாக எழுதுகின்றன. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறமூல மென்பொருள் வேறு வழியில் போகிறது: பெருக்கிக்குள் போன சமிக்ஞையையும் வெளியே வந்ததையும் இணையாகக் கொடுத்தால், இரண்டுக்கும் உள்ள உறவைச் செயற்கை நரம்பு வலையமைப்பு கற்றுக்கொள்கிறது. இதிலும் பதிவுகள் பயிற்சிக்கு மட்டுமே. வாசிக்கும்போது ஒலிப்பது அந்த உறவின் கணக்கு.

‘போலி’ என்ற சொல்லை முன்வைத்த நண்பர், முதற்போலி, கடைப்போலி என்ற இலக்கணப் பொருளை நினைவூட்டினார். அறம் என்பது அறன் என வந்தும் பொருள் மாறாமல் நிற்பதுபோல என்றார். அழகான எண்ணம், படித்ததும் மகிழ்ந்தேன். ஆனால் நாளிதழில் போலி மருத்துவர் கைது என்று படிப்பவரிடம் போலிப்பெருக்கி என்றால், கடையில் ஏமாந்து வாங்கிய பெருக்கி என்றுதான் நினைப்பார். ‘ஒப்புமை’யில் வேறு சிக்கல். அனலாக் என்பதற்கே அந்தச் சொல் பல இடங்களில் வழங்குகிறது. முழுக்க எண்ணிமமான கருவிக்கு அந்தப் பெயரையா வைப்பது?

‘ஒலிபெருக்கி’யையும் இங்கே விட்டுவிட வேண்டும். எங்கள் ஊரில் ஒலிபெருக்கி என்றால் திருவிழாவுக்கு ரேடியோ செட்காரர் கம்பத்தில் கட்டும் குழாய். அதாவது ஸ்பீக்கர். பள்ளி இயற்பியலில் டிரான்சிஸ்டர் பெருக்கி என்றே படிக்கிறோம், ‘பெருக்கி’ போதும்.

ஆகவே நான் முன்வைப்பது: பெருக்கி நிகரி. இடம் தெளிவாக இருந்தால் நிகரி மட்டும்.

நிகர் என்பது எல்லாருக்கும் தெரிந்த வேர். பள்ளியில் மனப்பாடம் செய்த உவம உருபுகளில் ‘நிகர’வும் ஒன்று. அந்தப் பட்டியலில் ‘மான’ இருக்கிறது, ஆனால் மானி ஏற்கெனவே அளக்கும் கருவியாகிவிட்டது. ‘ஏய்ப்ப’ இருக்கிறது, ஏய்ப்பு இன்று வஞ்சகம். ‘நிகர’ மட்டும் மாசுபடாமல் காத்திருக்கிறது. உணர் என்பதிலிருந்து உணரி (சென்சார்) வந்ததுபோல் நிகரி வருகிறது. வினையும் கைவசம் உண்டு: நிகர்த்தல். பெருக்கி நிகர்ப்பு என்றால் மாடலிங். ‘இந்த நிகரி எந்தப் பெருக்கியை நிகர்க்கிறது?’ என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். வாக்கியம் தடுக்காமல் போகிறது. ‘மாதிரியாக்கி எதை மாதிரியாக்குகிறது’ என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு புரியும்.

நிகர லாபம், நிகர எடை ஆகியவற்றோடு குழம்பாதா என்று கேட்கலாம். அங்கே அது அடைமொழி, இங்கே கருவிப்பெயர். குழப்பம் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஈழத்து நண்பர் ஒருவர், பெருக்கிக்குத் தங்கள் பாடநூலில் ‘விரியலாக்கி’ என்பதே வழக்கு என்றார். அவர்கள் விரியலாக்கி நிகரி என்று எழுதட்டும். பின்பாதி இரு கரைக்கும் பொதுவாக நிற்கும்.

கூடவே இன்னொரு சொல். ஸ்பீக்கர் பெட்டியின் குரலைத் தனியே ஒரு கோப்பாகப் பிடித்து நிகரியில் ஏற்றுகிறோம். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பார்கள். மானாமதுரையில் கடம் வாங்கப் போனவர்களுக்கு இது புதிதல்ல. விரலால் ஒரே ஒரு தட்டு. அந்தப் பானையின் முழுக் குரலும் அதில் தெரிந்துவிடும். தட்டு நொடிப்பொழுதுதான், ஆனால் பதிலில் பானையின் எல்லா அதிர்வும் இருக்கிறது. தூண்டல், துலங்கல் என்று பாடநூல் பழக்கிய சொற்கள் இருக்கின்றன. ‘தட்டுத்துலங்கல்’ என்பேன். இதில் எனக்கு நிகரியில் உள்ள அளவு உறுதி இல்லை. ‘கணத்துலங்கல்’ சிறப்பு என்று யாரேனும் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

கம்பியை மீட்டியதற்கும் ஒலி காதுக்கு வருவதற்கும் இடையே ஏற்படும் தாமதமான லேட்டன்சிக்குச் ‘சுணக்கம்’ போதும். புதிதாக எதுவும் தேவையில்லை. கணினியின் இடைநினைவில் 256 துளிகள் நிரம்பக் காத்திருந்தால், 48,000 துளி வேகத்தில் சுமார் 5.3 மில்லிநொடிச் சுணக்கம். காற்றில் ஒலி அந்த நேரத்தில் ஏறத்தாழ ஆறடி போகும். ஆறடி தள்ளி வைத்த ஸ்பீக்கரைக் கேட்டு வாசிப்பதற்கு ஒப்பு. போகவும் வரவும் சேரும்போது அது கூடும். அதனால் பதிவின்போது 128-க்குக் குறைத்துக்கொள்கிறேன்.

இணைய அகரமுதலியான விக்சனரியில் ஏற்றும் முன் ஒரு வாரம் பொறுக்கலாம். நிகரிக்கு மறுப்பு இருப்பவர்கள், குறிப்பாக எமுலேட்டருக்கு (ஒரு கணினியை வேறொன்றைப் போல நடக்க வைக்கும் மென்பொருளுக்கு) இச்சொல்லை எண்ணி வைத்திருக்கும் கணினித் துறையினர், அதற்குள் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
செல்லூரிலிருந்து