எல்லைப்புற ஊர்களில் தெருவை மறிக்கத் தடை ஏன் அவ்வளவு சீக்கிரம் வந்தது?

கோட்டாறுவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தில் குடியேறியவர்கள் அமைத்த ஊர்களின் தொடக்ககாலத்தைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். சிகாகோ 1833இல் ஊராகப் பதிவானபோது அங்கே இருந்தவர்கள் சில நூறு பேர்தான். ஆனாலும் அந்த ஆண்டிலேயே, பன்றிகளைத் தெருவில் அலையவிடக் கூடாது, தெருவில் குதிரைப் பந்தயம் ஓட்டக் கூடாது என்று விதி செய்துவிட்டார்கள். அந்த ஊரின் முதல் பொதுக் கட்டடமாகச் சொல்லப்படுவதும் அவிழ்ந்து திரியும் மாடு, குதிரைகளை அடைத்து வைக்கும் பட்டிதான். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் நிலமாகக் கிடந்த இடத்தில் தெருவைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

இதைக் கேட்க எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. நாகர்கோவிலில் நாங்கள் குடியிருக்கும் மனைப்பிரிவில் ஒருவர் வீடு கட்டுவதற்காக நான்கு மாதங்களாகத் தெருவில் ஜல்லியும் செங்கலும் குவித்து வைத்திருக்கிறார். சென்ற மாதம் என் தாயாருக்கு மூச்சுத்திணறல் வந்த இரவில் ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டதால், அவரை நாற்காலியில் உட்கார வைத்து நாங்களே தூக்கிக்கொண்டு போனோம். அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பத்மநாபபுரம் வழக்கறிஞர்

ஐயா, தாயார் நலமடைய வேண்டுகிறேன்.

அந்த ஊர்களில் வீட்டுக்கு முன்பே தெரு பிறந்துவிட்டது என்பதே தங்கள் கேள்விக்கு விடை. நிலத்தை வாங்கியவர்கள் முதலில் வரைபடம் போட்டு, அதில் மனைகளையும் தெருக்களையும் குறித்து, அதைக் காட்டித்தான் மனைகளை விற்றார்கள். மனை வாங்கியவர் கொடுத்த பணத்தில் வரைபடத்தில் இருந்த தெருவின் மதிப்பும் அடங்கியிருந்தது. பின்னர் ஒருவர் அந்தத் தெருவில் வேலி போட்டால், அவர் மற்ற எல்லாருடைய கிரயத்திலும் கை வைத்தவர் ஆகிறார்.

இதை மிகத் தெளிவாக நிறுவியது சின்சினாட்டி வழக்கு. ஒகையோ ஆற்றங்கரையில் 1789இல் அந்த ஊருக்கு வரைபடம் போட்டபோது, முன் தெருவுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தை ஊராரின் பொது இடமாக உரிமையாளர்கள் ஒதுக்கினார்கள். அந்த நிலத்துக்கு அரசின் பட்டா கிடைத்ததே 1794இல்தான். ஊர் முறையாகப் பதிவானது 1802இல். அதாவது, ஒதுக்கிய நாளில் கொடுத்தவர் கையில் முழு உரிமை இல்லை, வாங்கிக்கொள்ள ஊராட்சி என்று ஓர் அமைப்பும் இல்லை. பிற்காலத்தில் ஒருவர் அந்த நிலத்தின் ஒரு பகுதி தமக்கே சொந்தம் என்று வழக்காடினார். 1832இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை ஏற்கவில்லை. பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கியதற்குப் பெறுபவர் ஒருவர் பத்திரத்தில் இருக்க வேண்டியதில்லை என்றும், மக்கள் அதை நம்பி மனை வாங்கிக் குடியேறிய பிறகு ஒதுக்கியவர் பின்வாங்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. நம் ஊரில் மனைப்பிரிவின் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கிறோம்; பத்திரமே இல்லாமல் அதே பயனை அவர்கள் அடைந்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

ஓய்வுபெற்ற நில அளவர், தக்கலை

வழக்கறிஞர் ஐயா சொன்ன வரைபடத்தைப் பற்றி நானும் சிறிது சொல்ல விரும்புகிறேன். 1830இல் சிகாகோவுக்குப் போட்ட முதல் வரைபடத்தில் தெருவின் அகலம் 66 அடி, பின்சந்தின் அகலம் 16 அடி. அந்த 66 அடி நில அளவைச் சங்கிலி ஒன்றின் நீளம். 1847இல் சால்ட் லேக் நகரத்துக்கு இரண்டு சங்கிலி, அதாவது 132 அடி அகலத் தெருக்களை வகுத்தார்கள். பல ஜோடி எருதுகள் பூட்டிய வண்டி தடையின்றித் திரும்ப வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நம் மாவட்டத்தில் நிலம் பேசும்போது வாய்க்கு வாய் சொல்லும் சென்ட் கணக்கும் அதே சங்கிலியிலிருந்து வந்ததுதான். ஒரு சதுரச் சங்கிலி பத்து சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நானே இளமையில் சங்கிலியை இழுத்து, லிங்க் எனப்படும் அதன் கண்ணிகளை எண்ணி, புலப்படம் எழுதியவன். எனவே அந்த வரைபடங்களைப் பார்க்கும்போது எனக்கு அவை அந்நியமாகத் தெரிவதில்லை.

கோட்டாறுவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. ஆயினும் ஒரு சந்தேகம் எஞ்சி நிற்கிறது. வீடு கட்டுபவர் என்னிடம், "சாமானை வேறு எங்கே இறக்குவது? வேலை முடிந்ததும் எடுத்துவிடுவேன்" என்கிறார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அந்த ஊர்களிலும் எல்லாரும் வீடு கட்டிக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்?

பத்மநாபபுரம் வழக்கறிஞர்

உண்மைதான். சட்டமும் அதை மறுக்கவில்லை. 1814இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்தில், நடைபாதையில் சரக்கை வைத்து ஏலம் விட்ட ஒருவரின் வழக்கு வந்தது. விறகை வீட்டுக்குள் கொண்டுபோகும் வரை தெருவில் இறக்கி வைக்கலாம், கட்டடச் சாமானையும் வைக்கலாம், ஏனெனில் அங்கே நியாயமான தேவை இருக்கிறது, ஆனால் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று தலைமை நீதிபதி டில்மன் கோடு கிழித்தார். ஏலக்காரருக்கு அந்தத் தேவை இருந்ததாக நீதிமன்றம் கருதவில்லை. இங்கிலாந்தில் 1812இல் ஒரு மரவியாபாரி, தம் இடம் குறுகலாக இருக்கிறதென்று தெருவிலேயே மரத்தைப் போட்டு அறுத்தார். தம் இடத்தின் குறையைத் தெருவைக் கொண்டு நிரப்பிக்கொள்ள அவருக்கு உரிமையில்லை என்று நீதிபதி எல்லன்பரோ கூறினார்.

ஆகவே தங்கள் தெருவில் ஜல்லி இறக்கியது குற்றமன்று. ஒரு வாரத்துக்கு வேண்டிய சாமானை மட்டும் இறக்காமல் நான்கு மாதத்துக்கு வேண்டியதைச் சேர்த்து இறக்கியதும், வண்டி போக வழி விடாததும்தான் குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 283ஆம் பிரிவில் இதற்கு அபராதம் 200 ரூபாய் வரைதான் இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவில் அது 5,000 ரூபாய் வரை ஆகிறது. அபராதத்தைக் காட்டிலும் தங்களுக்குப் பயன்படுவது, தடையை அகற்றச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மனுவோடு அளவும் தேதியிட்ட புகைப்படமும் இருக்கட்டும்.

குளச்சல்காரன்

அந்தப் பழைய 283ஆம் பிரிவு சாலையோடு நீர்வழியையும் சேர்த்தே சொன்னது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். அமெரிக்காவில் 1787ஆம் ஆண்டு, ஒகையோ ஆற்றுக்கு வடக்கே இருந்த வடமேற்கு நிலப்பகுதிக்கான சட்டமும், மிசிசிப்பியில் சேரும், படகு செல்லத்தக்க ஆறுகளை என்றென்றும் எல்லாருக்குமான பொதுவழி என்று அறிவித்தது. எங்கள் பக்கத்து அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அதுவும் ஒரு தெருதானே என்று எனக்கு வேதனையாக இருக்கும்.

கோட்டாறுவாசி

இன்று காலை டேப் பிடித்து அளந்துவிட்டேன். எங்கள் கிரயப் பத்திரத்தோடு உள்ள மனைப்பிரிவு வரைபடத்தில் தெரு 23 அடி. ஜல்லிக் குவியலுக்கு எதிரே மிஞ்சியிருப்பது ஏழரை அடி. வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு முதலில் அவரிடமே போகிறேன். அவருடைய மனையும் அதே வரைபடத்தைக் காட்டி விற்கப்பட்டதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதிக் குவியலாவது அவருடைய மதிலுக்குள் போகவில்லை என்றால், திங்கட்கிழமை மனு எழுதுவேன்.