ஒரே அறையில் பகல் வேலையும் இரவு வேலையும்: வழி சொல்லுங்க

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கமுங்க. நானும் தோழி ஒருத்தியும் சரவணம்பட்டியில் ஒரு ஸ்டுடியோ வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கட்டில், அடுப்பு, துணிக்கொடி எல்லாம் ஒரே அறைக்குள். குளியலறைக்கு மட்டும்தான் தனிக் கதவு. எனக்குப் பீளமேட்டில் பகல் வேலை. அவளுக்கு ஐடி கம்பெனியில் இரவு ஷிப்ட். விடியற்காலையில்தான் வந்து படுப்பாள்.

அவள் கண் அசருகிற நேரத்தில் நான் குக்கர் வைக்க வேண்டியிருக்கிறது. விசில் வந்ததும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், அதுதான் எனக்கு இன்னும் சங்கடம். இப்போதைக்குக் கொடியில் சென்னிமலைப் பெட்ஷீட் ஒன்றைப் போட்டு மறைத்திருக்கிறோம். வெளிச்சம் ஓரளவு குறைகிறது, சத்தம் குறையவில்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஓட்டை போடாமல் நிற்கிற தடுப்பு யாராவது வைத்திருக்கிறீங்களா? கரூரில் கனமான திரைத்துணி நெய்கிறார்களே, அது சத்தத்தைக் கொஞ்சமாவது தாங்குமா?

அப்புறம் இன்னொன்று. ஒப்பந்தம் என் பெயரில் மட்டும் இருக்கிறது. 2017 வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. அவள் பெயரையும் சேர்த்துவிட்டால் அவளுக்கும் ஒரு பிடிமானம். பழைய ஒப்பந்தத்திலேயே சேர்க்கலாமா, புதிதாக எழுதிப் பதிவு செய்ய வேண்டுமா? செய்தவர்கள் சொல்லுங்க. கரண்ட் பில் பாதிப் பாதிதான், அதில் தகராறே இல்லை.

வேறு ஆள் பார்க்கச் சொல்லாதீங்க. தங்கமான பிள்ளை, அவளோடு இருக்கத்தான் வழி கேட்கிறேன்.