காசுல ஒரு பக்கம் திரும்பி இருக்கு, 5 மணிக்குள்ள பதில் சொல்லணும், உதவுங்க

கரூர் செல்வா | காலை 11:42
வணக்கம். என்கிட்ட ஒரு காசு இருக்கு, ஒரு பக்கம் திரும்பி அச்சாகியிருக்கு. காசு அடிக்கற மிண்ட்ல நடந்த தப்பாம். ஒருத்தர் 3 லட்சம் தரேன்னு சொல்றார். சாயங்காலம் 5 மணிக்குள்ள சரின்னு சொல்லணுமாம். இது நியாயமான விலைதானா, கூட கேக்கலாமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

பித்தளைத்தட்டு | 11:50
எந்தக் காசு? எந்த வருஷம்? போட்டோ எங்க?

தாயக்கட்டை | 11:53
"திரும்பி"ன்னா என்னங்க? கண்ணாடியில பாக்கற மாதிரி எழுத்து இடம் வலம் மாறியிருக்கா, இல்ல தலைகீழா நிக்குதா? ரெண்டும் வேற வேற சங்கதி.

பெட்டிக்கடை மணி | 11:57
காந்தம் வச்சுப் பாருங்க தம்பி. ஒட்டினா கள்ளக் காசு. 20 வருஷமா கல்லாவுல உக்காந்து சொல்றேன்.

நாணய ரசிகன் | மதியம் 12:06
இதே கேள்வி இங்கே மாதம் நான்கு முறை வருகிறது. முதலில் பழைய உரையாடல் இழைகளைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். அச்சுப்பிழை என்றாலே லட்சம் என்று எண்ணுவோருக்காக ஒரு முறை சொல்லி வைக்கிறேன். 2008இல் இங்கிலாந்தில் 20 பென்ஸ் காசில் ஆண்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார்கள். பழைய முன்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் ஜோடி சேர்ந்துவிட, இரண்டு பக்கமும் ஆண்டே இல்லாத காசு வெளியே போய்விட்டது. அதற்குப் பெயர் பிழை. உங்கள் கையில் இருப்பது என்னவென்றே நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

கரூர் செல்வா | 12:31
மன்னிக்கணும், கடையில ஆள் வந்துட்டாங்க. 2 ரூபா காசு, 2014. போட்டோ ஏற மாட்டேங்குது. காந்தம் ஒட்டுது!! அப்போ கள்ளக் காசா?

தாயக்கட்டை | 12:34
பயப்படாதீங்க. 2011க்கு அப்புறம் வந்த 2 ரூபா எல்லாமே எவர்சில்வர் ரகம், ஒட்டத்தான் செய்யும். நகைக்கடைத் தராசு கிடைச்சா நிறுத்துப் பாருங்க, 4.85 கிராம் காட்டணும். மணி அண்ணன் சொல்றது பழைய நிக்கல் செம்புக் காசுக்குச் சரி.

பெட்டிக்கடை மணி | 12:36
நானும் அதைத்தான் சொன்னேன்.

ஈய வாத்தியார் | 12:41
எனக்கென்னவோ இது லக்கி காசுன்னு தோணுது. அதாவது, அடிச்ச காசு ஒண்ணு கீழ விழாம மேல் அச்சுலயே ஒட்டிக்கும். அடுத்து அடிக்க வேண்டிய வெறும் வில்லை வரும்போது அந்த ஒட்டின காசே அச்சா மாறி இடிக்கும். அப்போ ஒரு பக்கம் சிங்கம் எடுப்பா இருக்கும், மறுபக்கம் அதே சிங்கம் குழிஞ்சு, கண்ணாடிப் பிம்பமா இருக்கும். செல்வா, விரல் நகத்தால தடவிப் பாருங்க. குழியா, மேடா?

தாயக்கட்டை | 12:45
அதுலயும் போலி உண்டு வாத்தியாரே. ரெண்டு காசைச் சேர்த்து பட்டறை வைஸ்ல நசுக்கி "லக்கி"ன்னு விக்கறாங்க. நசுக்கினதுல மறுபக்க மேடு தட்டையாகி, ஓரமும் பிதுங்கியிருக்கும். நானே ஒரு தடவை ஏமாந்து வாங்கி, இன்னும் மேசை டிராயர்ல கிடக்கு.

கரூர் செல்வா | 12:58
குழி எல்லாம் இல்லீங்க. ரெண்டு பக்கமும் மேடாத்தான் இருக்கு. சிங்கத்தை நேரா வச்சு அப்படியே புரட்டினா 2 தலைகீழா நிக்குது.

பித்தளைத்தட்டு | மதியம் 1:03
எப்படிப் புரட்டினீங்க? காலண்டர் தாளைத் தூக்கற மாதிரி மேல் கீழாவா, புத்தகத்துல பக்கம் திருப்பற மாதிரி இடம் வலமாவா? நம்ம நாட்டுல இப்போ புழங்கற காசை மேல் கீழா புரட்டினா தலைகீழாத்தான் தெரியும். அமெரிக்கக் காசுதான் அதுக்கு நேர்மாறு. பூவா தலையா சுண்டற கணக்கா புரட்டாம, இடம் வலமா திருப்பிப் பாருங்க. அப்பவும் 2 சாஞ்சு நின்னாதான் அச்சு நகர்ந்திருக்குன்னு அர்த்தம்.

தாயக்கட்டை | 1:07
அப்படி நிஜமாவே சாஞ்சிருந்தாலும் 3 லட்சம் எல்லாம் கதை. கால் வட்டம் சாஞ்ச 2 ரூபாயை நான் ஒரு கண்காட்சியில 150க்கு வாங்கினேன். 10, 15 டிகிரின்னா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. எந்த மிண்ட்ல அடிச்சதுன்னு காட்டற குறி வருஷத்துக்குக் கீழ என்ன இருக்கு? புள்ளின்னா நொய்டா, வைரம்னா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், ஒண்ணுமே இல்லன்னா கொல்கத்தா.

மதுரை மல்லி | 1:10
காசுன்னதும் ஞாபகம் வருது. 10 ரூபா காசை ஏன் யாருமே வாங்க மாட்டேங்கறாங்க? இன்னிக்கு பஸ்ல கண்டக்டர் கையிலயே திருப்பிக் கொடுத்துட்டார்.

பெட்டிக்கடை மணி | 1:14
அதுல 15 கோடு போட்டது கள்ளம்மா, 10 கோடுதான் நல்லது. நான் 15 கோடு வாங்கறதே இல்ல.

நாணய ரசிகன் | 1:19
தவறு. ரெண்டுமே செல்லும். 14 வடிவங்களில் 10 ரூபாய்க் காசு வந்திருப்பதாகவும் எல்லாமே செல்லும் என்றும் ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. நீங்கள் வாங்காததால்தான் அந்தப் பெண்மணியிடம் கண்டக்டர் வாங்கவில்லை.

பெட்டிக்கடை மணி | 1:22
ரிசர்வ் வங்கி வந்து எனக்கு பால் பாக்கெட் போடுமா சார்? பால்காரர் வாங்கலன்னா நான் அதை எங்க கொண்டு கொட்டறது?

மதுரை மல்லி | 1:25
பேங்க்ல கட்டுங்க அண்ணே.

பெட்டிக்கடை மணி | 1:26
கடையைப் பூட்டிட்டு வரிசையில நிக்கவா?

கரூர் செல்வா | 2:10
குறி தெரியல, தேஞ்சிருக்கு. இன்னொண்ணு கேக்கணும். அவர் ஆதார் கேட்டார், அனுப்பிட்டேன். பதிவுக் கட்டணம் 1,850 கட்டினா ரிசர்வ் வங்கி லெட்டர் வரும், அப்புறம்தான் 3 லட்சம் அக்கவுண்ட்ல ஏறும்னு சொல்றார். அது வழக்கம்தானே?

பித்தளைத்தட்டு | 2:11
அய்யோ. கட்டாதீங்க.

தாயக்கட்டை | 2:12
இதை முதல் பதிவுலயே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி! குழியா மேடான்னு நாங்க ரெண்டு மணி நேரமா தடவிக்கிட்டு இருக்கோம். ரிசர்வ் வங்கி காசு வாங்கி விக்கற வேலையே பண்ணாது, கமிஷனும் கேக்காது. அவங்க பேரைச் சொல்லி ஏமாத்தறாங்கன்னு 2021 ஆகஸ்ட்லயே அவங்களே எச்சரிச்சாங்க. நிஜமா வாங்கறவன் முதல்ல காசைக் கையில வாங்கி லென்ஸ் வச்சுப் பாப்பான். காசைப் பாக்காமலே விலை சொல்றவன் வாங்க வந்தவன் இல்ல.

ஈய வாத்தியார் | 2:15
வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபா, 10 ரூபாவுக்கு லட்சம்னு வீடியோ போடறதும் இதே கூட்டம்தான். 2012ல புழக்கத்துக்கே விட்ட காசு அது. எங்க வீட்டு உண்டியல்ல ஏழு கிடக்கு.

நாணய ரசிகன் | 2:20
நான் முதலிலேயே சொன்னேன், பழைய இழைகளைப் படியுங்கள் என்று.

மதுரை மல்லி | 2:21
சார், இப்போ இது ரொம்ப முக்கியமா?

பித்தளைத்தட்டு | 2:23
செல்வா இருக்கீங்களா? பணம் அனுப்பலையே? அனுப்பியிருந்தா உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு அடிங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது, நாளைக்குன்னு தள்ளாதீங்க.

பித்தளைத்தட்டு | 4:40
செல்வா?

பெட்டிக்கடை மணி | 5:05
மல்லிம்மா, மதுரைப் பக்கம் 10 ரூபா வாங்கற கடை இருந்தா சொல்லு. என்கிட்ட 15 கோடு ஒரு 40 கிடக்கு.

நாணய ரசிகன் | 5:11
வாங்குவதே இல்லை என்றீர்களே?

கரூர் செல்வா | இரவு 9:17
இடம் வலமா திருப்பினேன். 2 நேராத்தான் நிக்குது. 1,850 காலையில பதிவு போடறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டேன், சொல்ல வெக்கமா இருந்துச்சு. 1930ல புகார் நம்பர் கொடுத்திருக்காங்க. அந்தாள் மறுபடி கூப்பிட்டு ஜிஎஸ்டி 6,200 கேட்டான், கட் பண்ணிட்டேன். எல்லாருக்கும் நன்றி.