டெக் சரியானது, கானா கீச்சென்று ஆனது – ராயபுரத்து அனுபவம்

எங்கள் வீட்டு கேசட் டெக் 1988-இல் சித்தப்பா பர்மா பஜாரில் வாங்கியது, ஜப்பான் சரக்கு. வீடு காசிமேட்டுக்குப் பக்கம். ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் உப்புக்காற்று உள்ளே வந்துவிடும், செம்பு பித்தளை எது இருந்தாலும் பச்சை பூத்துவிடும். இங்கே ஸ்டீரியோ வைத்திருக்கிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் காற்றைத்தான்.

போன மாதம் டெக்கில் இரண்டு தொல்லை சேர்ந்து வந்தது. இடது பக்கம் சத்தமே இல்லை. எந்தப் பாட்டைப் போட்டாலும் இழுவையாக ஓடியது, நடுவில் ஒரு கேசட்டின் டேப்பை உருவி உள்ளே சுருட்டியும் விட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் ஹெட், அதாவது டேப்பில் பதிந்ததைப் படிக்கிற பாகம், போய்விட்டது என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. டெக்கிலிருந்து வரும் ஒயரை ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) இடம் வலமாக மாற்றிச் செருகினேன், ஊமையான பக்கமும் கூடவே மாறியது. அப்போது ஆம்பும் ஸ்பீக்கர் பெட்டியும் நல்லாத்தான் இருக்கின்றன, கோளாறு டெக்கில் அல்லது ஒயரில். ஒயரை மாற்றியும் பலன் இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினால், போர்டில் நீளமாக ஒரு ஸ்விட்ச் இருக்கும், ரெக்கார்டுக்கும் பிளேக்கும் மாற்றிவிடுகிற ஸ்விட்ச். அதன் உள்ளே கறுத்துப்போய்விட்டால் ஒரு பக்கம் சத்தம் போகும், அல்லது கரகரக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, கையால் இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் நகர்த்தினேன். இடது பக்கம் திரும்பி வந்தது. இதற்குப்போய் நல்ல ஹெட்டைக் கழற்றிப் போட்டவர்கள் எத்தனை பேரோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இழுவைக்குக் காரணம் பெல்ட், மோட்டார் சுற்றுவதை டேப் ஓட்டும் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ரப்பர் வளையம். ரப்பர் இளகி, தார் மாதிரி புல்லியில் ஒட்டியிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு தொட்டுத் தொட்டு ஒரு மாலை முழுக்கத் துடைத்தேன். அந்த இளகிய ரப்பர் சட்டையில் பட்டால் போகாது, பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். புது பெல்ட்டுக்கு, அது ஓடுகிற பாதையை நூலால் சுற்றி அளந்து, அதைவிட ஒரு 5 சதவீதம் சின்னதாக வாங்கினேன்.

கேசட் டேப் ஓட வேண்டிய வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. இதைச் சரிபார்க்க 3150 ஹெர்ட்ஸ் ஒலி மட்டும் பதிந்த டெஸ்ட் கேசட் இருக்கிறது. பெல்ட் மாற்றும் முன் போட்டபோது போனில் ஹெர்ட்ஸ் அளக்கிற ஆப் 2970 காட்டியது, அதாவது கிட்டத்தட்ட 6 சதவீதம் மெது. மாற்றிய பிறகு 3140. மோட்டார் பின்பக்க ஓட்டைக்குள் சின்ன ஸ்குரூடிரைவர் விட்டு, உள்ளே இருக்கும் வேகத் திருகை மயிரிழை திருப்பி 3150-க்குக் கொண்டுவந்தேன்.

அப்புறம்தான் வந்தது வேதனை. 1991-இல் எங்கள் தாத்தா இறந்த இரவு, தெருவில் பந்தல் போட்டு விடிய விடியப் பாடிய கானாவை மாமா ஒரு டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி) பதிந்து வைத்திருந்தார். சின்ன வயதிலிருந்து கேட்ட கேசட். சரிசெய்த டெக்கில் போட்டால் பாடுகிறவர் குரல் கீச்சென்று சின்னப் பையன் குரலாகிவிட்டது, டோலக்கும் தகரம் மாதிரி. இத்தனை வருடம் நன்றாக இருந்ததை நானே கெடுத்துவிட்டேன் என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுபடி மோட்டாரைத் திருப்பிவிடலாம் என்று கைகூடப் போனது.

நல்லவேளை திருப்பவில்லை. பாட்டை கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆடாசிட்டி என்கிற ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேரில், பாட்டுக்கு நடுவே யாரும் பேசாத ஒரு இடத்தை மட்டும் எடுத்து ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்கிற வரைபடம், பார்த்தேன். பந்தலில் டியூப்லைட் எரிந்திருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட்டின் சோக் அதற்கு இரட்டிப்பாக 100-இல் உறுமும். கேசட்டில் அந்த உறுமல் 108-இல் இருந்தது. மாமாவின் டூ-இன்-ஒன் மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது, அதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாமே கீச்சென்றுதான் கேட்கும். முன்பு பெல்ட் தளர்ந்த என் டெக்கும் மெதுவாக ஓடியதால் இரண்டும் சரிக்குச் சரியாகிவிட்டன. குறை டெக்கிலும் இல்லை, என் வேலையிலும் இல்லை. ஒரு கேசட்டுக்காக டெக்கைத் திருப்பினால் மற்ற நூறு கேசட்டும் கெடும். கம்ப்யூட்டரில் வேகத்தை 7.4 சதவீதம் குறைத்தேன், குரல் வந்துவிட்டது.

தண்டையார்பேட்டையிலிருந்து பதில்:

தம்பி, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். ஒன்று மட்டும் பாருங்கள். அந்த நாளில் சாவு வீட்டுக்கு எடுத்துப்போகிற டூ-இன்-ஒன்னில் பெரும்பாலும் பேட்டரி செல்தான் போடுவோம். செல் இறங்க இறங்க மோட்டார் மெதுவாகும், அதனால் கேசட்டின் கடைசிப் பகுதி இன்னும் கீச்சென்று இருக்கும். முதலில் எடுத்த அளவு கடைசிக்கு ஒத்துவராது. அப்புறம் அந்தக் காலத்துக் கரண்ட்டும் 50-இல் அசையாமல் நின்றதில்லை, அதனால் ஒன்றிரண்டு சதவீதம் காதை நம்பித்தான் திருத்த வேண்டும்.

எர்ணாவூரிலிருந்து பதில்:

என்னிடம் இருந்த கேசட்டுகளில் டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே போட்டுவிடாதீர்கள், ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். ஹெட்டுக்கு எதிரே டேப்பை அழுத்துகிற சின்னப் பஞ்சும் இரண்டு கேசட்டில் உதிர்ந்துவிட்டது. சத்தம் மங்கிப்போனதால் டெக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஸ்குரூ வைத்த வேறு கேசட் ஓட்டில் டேப்பை மாற்றிப் போட்டேன், தெளிவாகிவிட்டது.

ராயபுரம்:

அண்ணா, நீங்கள் சொன்னபடி கேசட்டின் கடைசி ஐந்து நிமிடத்தைப் பார்த்தேன். உறுமல் 113-இல் இருக்கிறது. மாமாவிடம் கேட்டேன், ஆமாம், ஆறு செல் போட்டது, விடியும்போது தீர்ந்துவிட்டது என்றார். இப்போது ஐந்தைந்து நிமிடமாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் தனி அளவு வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஏ பக்கம் முடிந்தது. பி பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யப்போகிறேன், பாடியவர் குரல் அவருக்குத்தான் நேரில் தெரியும்.