தம்பிக்காக ஜெபிக்கும் ஆறு வயது மகனுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: ஒரு தாய், இராயபுரம்

எங்கள் மூன்றாவது குழந்தை 31ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டான். எனக்கு இரத்த அழுத்தம் மிகவும் கூடிவிட்டதால் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பிறந்தபோது எடை 1,400 கிராம். அரசு மருத்துவமனை ஒன்றில், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறான். மூக்கில் பொருத்தியிருந்த காற்றுக் குழாயை எடுத்த பிறகு நன்றாகத்தான் இருந்தான். ஆனால் தூக்கத்தில் மூச்சை நிறுத்திவிடுகிறான் என்று சொல்லி மறுபடியும் பொருத்தியிருக்கிறார்கள். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள். முதல் வாரத்தில் எடையும் இறங்கியது. நான் பால் பீய்ச்சிக் கொடுக்கிறேன்; அதைக் குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள்.

வீட்டில் ஆறு வயது மகனும் நான்கு வயது மகளும் மாமியாரின் பொறுப்பில் இருக்கிறார்கள். என் கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. மாமியார் இல்லையென்றால் இந்தக் குடும்பம் ஒரு நாள்கூட ஓடாது என்பதை நன்றியோடு சொல்கிறேன். அவர் தினமும் பிள்ளைகளை உட்காரவைத்து ஜெபமாலை சொல்லவைக்கிறார். "சின்னப் பிள்ளைகளின் ஜெபத்தை ஆண்டவர் தட்டவே மாட்டார்" என்று அவர் சொன்னதை மகன் அப்படியே பிடித்துக்கொண்டான். தம்பிக்காக மிட்டாய் சாப்பிடுவதை விட்டுவிட்டான். மறுபடியும் குழாய் பொருத்திய செய்தி வந்த அன்று இரவு, "நான் சரியா ஜெபம் பண்ணலையாம்மா? அதனாலதான் தம்பி வீட்டுக்கு வரலையா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இளையவள், விட்டுப்போன பழக்கமான படுக்கையை நனைப்பதை மீண்டும் தொடங்கியிருக்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. மாமியார் பெரம்பூர் லூர்து மாதா ஆலயத்திலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து, குழந்தையின் வாயில் ஒரு சொட்டாவது விடவேண்டும் என்கிறார். என் தாய்வீடு திருவொற்றியூர். என் அம்மா வடிவுடையம்மன் கோயிலிலிருந்து குங்குமமும் சிகப்புக் கயிறும் கொண்டுவந்திருக்கிறார். குழந்தை வீட்டுக்கு வந்ததும் சேனை வைப்பது, சாம்பிராணி போடுவது, இந்த ஆண்டே வேளாங்கண்ணித் திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு போவது என்று இரண்டு பாட்டிகளும் பேசிக்கொள்கிறார்கள். ஞானஸ்நானம் கொடுக்காமல் இத்தனை நாள் விடலாமா என்ற கவலையும் மாமியாருக்கு உண்டு. இருவர் மனமும் நோகாமல் எதை ஏற்பது, எதை மறுப்பது? மகனுக்கு என்ன சொல்வது?

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர், தண்டையார்பேட்டை

அம்மா, பச்சிளம் குழந்தைகள் வார்டில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் முதலில் உங்கள் குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரும் ஒரே செய்தியைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளில் பாதி தாமாகவே தீரும்.

மறுபடியும் காற்றுக் குழாய் பொருத்தியதைத் தோல்வியாக எண்ணாதீர்கள். 31 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு, மூச்சு விடச் சொல்லி இடைவிடாமல் ஆணையிடும் மூளைப்பகுதி இன்னும் முதிர்ந்திருக்காது. அதனால் தூக்கத்தில் 20 விநாடிகளுக்கு மேல் மூச்சு நின்றுவிடுவதும், அப்போது இதயத் துடிப்பு குறைவதும் குறைமாதக் குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படுவதுதான். இதற்குக் கஃபீன் மருந்து கொடுப்பார்கள். கருவி ஒலித்ததும் செவிலியர் பாதத்தையோ முதுகையோ மெல்லத் தட்டித் தூண்டுவார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு, பிறந்த நாளிலிருந்து அல்லாமல் கர்ப்ப வாரக் கணக்கில், 36, 37 வார வயதை எட்டும்போது இது அடங்கிவிடும். சில நேரம் கிருமித் தொற்றாலும் மூச்சு நிற்கக்கூடும் என்பதால்தான் உடனே இரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். ஊசி குத்துகிறார்களே என்று அதற்காகக் கலங்கவேண்டாம். முதல் வாரத்தில் எடை இறங்குவதும் எதிர்பார்ப்பதே. உறிஞ்சி, விழுங்கி, இடையில் மூச்சும் விடுகிற ஒழுங்கு ஏறத்தாழ 34 வாரத்தில்தான் கைவரும். அதுவரை குழாய் வழியாகப் பால் போவதே அவனுக்குப் பாதுகாப்பு.

வாயில் தீர்த்தம் விடக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. எந்தக் கோயில் நீர், எந்த ஆலயத்து நீர் என்பதல்ல இங்கே கேள்வி. தாய்ப்பாலும் மருத்துவர் எழுதிய மருந்தும் தவிர வேறு எதையும் அந்தக் குடல் தாங்காது. குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழற்சி உயிருக்கே ஆபத்தாகலாம், அதைத் தடுப்பதில் தாய்ப்பாலுக்கு இணையில்லை. சேனை என்ற பெயரில் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தேனை ஒரு வயது முடியும் வரை எந்தக் குழந்தைக்குமே கொடுக்கக்கூடாது. நம் தெருக்களில் கழுதையை ஓட்டிவந்து சங்கில் பால் விற்பவர்களிடம் வாங்கி ஊற்றிவிட்டு, வயிறு உப்பிய நிலையில் குழந்தையைத் தூக்கிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, தொப்புளில் எதையாவது பூசுவது, கண்ணுக்கு மை இடுவது, உரைமருந்து கொடுப்பது எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் அந்த நுரையீரலுக்கு ஆகாது. எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும் புகையும் போதாதென்று வீட்டுக்குள்ளும் நாம் புகை போடலாமா?

கயிற்றைக் குழந்தையின் கையில் கட்டாமல் உங்கள் கையில் கட்டிக்கொள்ளுங்கள். குங்குமத்தை உங்கள் நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். வார்டுக்குள் நுழையும் முன் கயிற்றைக் கழற்றிவைத்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவற்றில் பெரியது கங்காரு முறைப் பராமரிப்பு. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், 1978இல், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய முறை இது. குழந்தைக்குத் தொப்பியும் டயப்பரும் மட்டும் அணிவித்து, உங்கள் வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்கவைத்து, மேலே துணி சுற்றிக் கட்டவேண்டும். உடல்சூடு நிலைக்கும், பால் ஊறும், தொற்று குறையும். ஒரு நாளில் 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் இன்னும் கூடுதலாக வைத்திருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. உங்கள் கணவரும் ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு வந்து செய்யலாம், வார்டில் அனுமதித்தால் பாட்டியும் செய்யலாம். தீர்த்தத்தை மறுக்கும்போதே மாமியாரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். ஏதாவது செய்யவேண்டும் என்ற தவிப்பில்தான் அவர் தீர்த்தத்தைத் தேடிப் போகிறார்.

பதில் 2: மறைக்கல்வி ஆசிரியர், பெரம்பூர்

சகோதரி, உங்கள் மகனின் கேள்வியைப் படித்த பிறகு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்களோடு இருப்பவன் என்பதால் இதைச் சொல்கிறேன். சரியாக ஜெபித்தால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் ஜெபத்தில் குறை என்ற கணக்கைத் திருச்சபை கற்பிக்கவில்லை. கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே, இந்தத் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்று மன்றாடினார், அது அகலவில்லை. தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மும்முறை வேண்டியதாகப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் சொல்கிறார். முள் நீங்கவில்லை, தாங்கும் அருள் கிடைத்தது. இவர்கள் ஜெபத்தில் குறை இருந்தது என்று எவரும் சொல்லமாட்டார்கள். "நீ கேட்டது ஆண்டவருக்குக் கேட்டுவிட்டது; தம்பியின் நுரையீரல் வளர நாளாகும்; அது உன்னாலும் இல்லை, யார் செய்த தவற்றாலும் இல்லை" என்று உங்கள் மகனிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மிட்டாயை விட்டதைப் பாராட்டுங்கள், ஆனால் அதைத் தம்பியின் உடல்நிலைக்கு விலையாக அவன் எண்ணிக்கொள்ள விடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே அவனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுங்கள்.

ஞானஸ்நானத்தைப் பற்றி மாமியார் கவலைப்படுவது நியாயமே. உயிருக்கு ஆபத்தான நிலையில் குழந்தைக்குத் தாமதமின்றித் திருமுழுக்கு அளிக்கவேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமே கூறுகிறது. அத்தகைய அவசரத்தில் குருவானவர்தான் வரவேண்டும் என்பதில்லை. திருச்சபையின் கருத்தோடு, தலையில் நீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் திருமுழுக்கு அளிப்பதாகச் சொல்லும் எவரும் அளிக்கலாம். வார்டில் உள்ள தூய நீரே போதும், சில துளிகள் நெற்றியில் வழிந்தோடினால் போதும். மற்றச் சடங்குகளைப் பின்னர் ஆலயத்தில் நிறைவுசெய்வார்கள். ஆனால் குழந்தை அபாயக் கட்டத்தில் இல்லை என்று மருத்துவர் சொன்னால், வீட்டுக்கு வந்து தேறிய பிறகு பங்குத்தந்தையைக் கொண்டு நிறைவாகவே செய்யலாம். அவரிடம் இப்போதே பேசிவையுங்கள்.

தீர்த்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பிரான்சின் லூர்து நகரிலேயே, நலம் பெற்றதாகச் சொல்பவர்களை ஆராய்வதற்கு 1883ஆம் ஆண்டிலிருந்து மருத்துவப் பணியகம் ஒன்று இயங்கிவருகிறது. மாதாவின் ஆலயம் மருத்துவரை விலக்கிவைக்கவில்லை என்று மாமியாரிடம் மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். அந்தத் தீர்த்தத்தைக் கொண்டு அவர் தம் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு பேரனுக்காக வேண்டலாம். வேளாங்கண்ணி நேர்ச்சைக்கு அவர் இந்த ஆண்டு என்று காலக்கெடு வைத்திருந்தாலும், தகுந்த காரணத்துக்காகப் பங்குத்தந்தை அதைத் தள்ளிவைக்க வழிசெய்வார். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை அங்கே கூடும் கூட்டத்துக்குள் குறைமாதக் குழந்தையைக் கொண்டுபோவது சரியல்ல. மொட்டையும் காதுகுத்தும் காத்திருக்கும்.

பதில் 3: ஒரு தாய், திருவொற்றியூர்

என் மகள் 30 வாரத்தில் பிறந்தவள். இப்போது பள்ளிக்குப் போகிறாள். எங்கள் குடும்பம் அம்மனைக் கும்பிடும் குடும்பம். ஆனாலும் உங்கள் வீட்டில் நடப்பதெல்லாம் எங்கள் வீட்டிலும் நடந்தது.

மேலே ஆசிரியர் ஐயா சொன்னதை மதிக்கிறேன். இருந்தாலும் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தோட்டமும் கிண்ணமும் அன்று இரவே தேவையில்லை என்று நினைக்கிறேன். என் மூத்தவன் கேட்டதெல்லாம் வேறு வார்த்தைகளில் ஒரே கேள்விதான்: அம்மா எப்போது என்னோடு இருப்பாள்? உங்கள் இளையவள் படுக்கையை நனைப்பதும் அதைக் கேட்கத்தான். அவளைத் திட்டவேண்டாம், மற்றவர் முன் அதைப் பேசவும் வேண்டாம். வார்டிலிருந்து வந்ததும் முதல் அரை மணி நேரம் செல்பேசியை அணைத்துவிட்டு, தம்பியைப் பற்றிப் பேசாமல், அந்த இருவரோடும் மட்டும் இருங்கள். உங்களுக்குத் தையல் ஆறாத உடம்பு, நின்றுகொண்டு எதுவும் செய்யவேண்டாம். படுத்துக்கொண்டு கதை கேட்டாலே போதும்.

மகனுக்கு விளைவோடு சம்பந்தப்படாத ஒரு வேலை கொடுங்கள். என் மகன் தினமும் ஒரு படம் வரைந்து தருவான், அதை நான் என் பையில் வைத்துக்கொண்டு போவேன். உங்கள் மகன் சொல்லும் ஜெபத்தை நீங்கள் கேட்டுவைத்துக்கொண்டு, கங்காரு முறையில் குழந்தையை மார்பில் வைத்திருக்கும்போது அவன் காதருகே மெல்லச் சொல்லுங்கள். செல்பேசியில் பதிந்து ஒலிக்கவிட வேண்டாம், அந்தக் குழந்தைகளுக்குச் சத்தம் ஆகாது. "நீ சொன்னதைத் தம்பி கேட்டான்" என்று வீட்டில் வந்து சொல்லும்போது அது உண்மையாகவே இருக்கும்.

பால் போதவில்லை என்றால் மனம் உடையவேண்டாம். வார்டில் கேளுங்கள், எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுப் பேசுபவர்கள் வருவார்கள். கவிழ்வது, உட்காருவது, நடப்பது எல்லாவற்றையும் பிறந்த தேதியிலிருந்து அல்லாமல், பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து எண்ணவேண்டும்; இரண்டு வயது வரை அப்படித்தான் பார்ப்பார்கள். தடுப்பூசிகளை மட்டும் பிறந்த தேதிப்படி மருத்துவர் சொல்லும் நாளில் போட்டுவிடுங்கள்.

கேட்டவர்: இராயபுரம்

மூவருக்கும் நன்றி. செவிலியர் அம்மா எழுதியதை மாமியாருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். தீர்த்தப் புட்டியை மாதா படத்தின் அருகில் வைத்துவிட்டார். கழுதைப்பாலைப் பற்றிய வரிகளை என் அம்மாவுக்கும் படிக்கச் சொன்னார். மகனிடம் இரவு பேசினேன், "அப்படின்னா தம்பிக்கு எவ்ளோ நாள் ஆகும்?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்று உண்மையைச் சொன்னேன், ஒத்துக்கொண்டு தூங்கிவிட்டான்.

மருத்துவர் அபாயம் இல்லை என்றதால் ஞானஸ்நானத்தைப் பிறகு வைத்துக்கொள்ளப் பங்குத்தந்தையும் சம்மதித்தார். ஒரு சந்தேகம்: மூக்கில் காற்றுக் குழாயும் வாயில் பால் குழாயும் இருக்கும்போதே மார்பில் வைத்துக்கொள்ளலாமா?

பதில் 1இன் செவிலியர்

வைத்துக்கொள்ளலாம் அம்மா. குழந்தை நிலையாக இருக்கிறான் என்று மருத்துவர் சொன்னால் இரண்டு குழாய்களோடும் வைக்கலாம். செவிலியரே தூக்கி உங்கள் மார்பில் வைத்து, குழாய்கள் இழுபடாதபடி ஒட்டிக்கொடுப்பார். கழுத்து மடங்காமல், முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு முன் எடுக்கவேண்டாம்.

இன்னொன்றை இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த 30 நாட்களுக்குள் கண்ணின் விழித்திரையைச் சோதிக்கவேண்டும். அந்த இரத்தக் குழாய்கள் கோணலாக வளரத் தொடங்கினால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கமுடியாது, நாள் தவறினால் பார்வையே போகலாம். அதற்குள் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும் கண் பரிசோதனைக்கான தேதியையும், காது கேட்கும் திறன் பரிசோதனைக்கான தேதியையும் டிஸ்சார்ஜ் அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்பவேண்டும்.